இல்லத்துப் பிள்ளைகளின் படிப்புக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

மட்டக்களப்பு மாவட்டத்துச் சிறுவர் இல்லங்களில் வளர்ந்து, இப்போது தொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் படிக்கிற பிள்ளைகளோடு நின்ற எல்லோருக்கும் இந்த மடல். செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

முதல் நன்றி பிரதேச செயலகங்களின் பதிவாளர் கிளைகளுக்கு. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லாவிட்டால் அடையாள அட்டை இழுபடும். அட்டை இழுபட்டால் வங்கிக் கணக்கும் பயிற்சிக்காலக் கொடுப்பனவும் இழுபடும். பதிவு கிடைக்கவில்லை என்ற தேடல் முடிவு கையில் வந்த பிறகுதான் காலங்கடந்த பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ போகலாம். அதற்கு மாதக்கணக்காகும். கல்லூரி விண்ணப்பம் கோரிய பிறகு ஓடித் திரிந்தால் அந்த வருடம் போய்விடும். பிள்ளை சாதாரண தரம் எழுதுமுன்பே தேடலைத் தொடங்கித் தந்தீர்கள்.

இல்லம் இருக்கும் பிரிவின் கிராம உத்தியோகத்தர்களே, உங்களுக்கும் நன்றி. "நிரந்தர வதிவிடம் இங்கே இல்லை" என்று ஒரு பிரிவும், "பிள்ளை இங்கே இருப்பதில்லை" என்று தாயின் ஊர்ப் பிரிவும் சொன்னால் விண்ணப்பம் நடுவில் நின்றுவிடும். இல்லத்துப் பிள்ளைகளைக் கவனிக்கும் அரச அதிகாரியான நன்னடத்தை உத்தியோகத்தரின் கடிதத்தை வைத்து வதிவிடச் சான்று தந்தீர்கள்.

நன்னடத்தை உத்தியோகத்தர்கள் செய்ததுதான் எங்கள் கணக்கில் பெரிய வேலை. 18 வயதோடு இல்லத்துப் பராமரிப்பு முடிகிறது. தேசிய தொழிற் தகைமை (NVQ) 4ஆம் மட்டப் படிப்போ அந்தப் பிறந்தநாளைப் பார்த்து முடிவதில்லை. வகுப்பு முடிந்தாலும் தொழிலிடப் பயிற்சி இருக்கும். பிறந்தநாளுக்கு அடுத்த கிழமை பையைக் கட்டச் சொன்னால், பிள்ளை முதலில் விடுவது படிப்பைத்தான். ஆறு மாதம் முந்தியே கல்லூரியையும் இல்லத்தையும் பிள்ளையையும் ஒரே மேசையில் இருத்தி, எங்கே தங்குவது, யார் கையொப்பமிடுவது என்று எழுதி வைத்தீர்கள்.

சித்திரை வருடப்பிறப்புக்கும் மார்கழி விடுமுறைக்கும் விடுதி பூட்டும்போது அறை தந்த அக்காமாருக்கு என்ன சொல்ல! விடுமுறைக்குப் போய்த் திரும்பி வராத பிள்ளைகளில் பலருக்கு அந்த இரண்டு கிழமை தங்க இடமிருக்கவில்லை.

முதற் கொடுப்பனவு உடனே கைக்கு வராது. பஸ் பருவச்சீட்டு, மல்டிமீட்டர், குறடு, பாதுகாப்புச் சப்பாத்து எல்லாம் முதல் கிழமையே வேண்டும். இல்லாத பிள்ளை செய்முறை வகுப்பன்று வராமல் இருந்துவிடும். வரவு குறைந்தால் பரீட்சையும் இல்லை. கடனுக்குச் சாமான் தந்த கடைக்காரர்களுக்கு மனமார்ந்த நன்றி.

விரிவுரையாளர்களே, வகுப்பின் நடுவில் தகப்பன் பெயர் கேட்காமல், படிவத்தைத் தனியே நிரப்பவிட்டு, "பாதுகாவலர்" என்று எழுத இடம் கொடுத்தீர்கள். அந்த முதல் நாளைப் பிள்ளைகள் மறக்கவில்லை.

அடுத்த தொகுதியினரின் கோப்புகளை இப்போதே கட்டுகிறோம். மூலப்பத்திரங்களோடு ஐந்து போட்டோப் பிரதிகள், வெள்ளத்துக்குத் தாங்கும் பிளாஸ்டிக் உறையில். மாரி தொடங்குமுன் உங்களிடம் வருவோம்.

நன்றியுடன்,
பிள்ளைகளின் படிப்புக்குத் துணை நிற்போர், மட்டக்களப்பு