வீட்டுப்பாடம் வாரத்துக்குத்தான் இரண்டு மணி நேரம், நாளுக்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரம். நாடு முழுவதற்குமான பாடத்திட்ட வழிகாட்டியான 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு சொன்னது இது; மத்திய அரசின் 2020 பள்ளிப் புத்தகப்பைக் கொள்கையும் இதையே சொல்கிறது. இடையில் 2018இல் சென்னை உயர் நீதிமன்றமும் முதல் இரு வகுப்புகளுக்கு வேண்டாம் என்றது. வாரம் இரண்டு மணி என்றால், ஐந்து நாளுக்குப் பகிர்ந்தால் நாளுக்கு 24 நிமிடம், எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து.

கணக்கு தப்புவது டைரியில்தான். தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் 'பதினைந்தே நிமிட வேலை' கொடுத்தால் ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது. திங்கள் தமிழ், செவ்வாய் கணக்கு என வகுப்புக்கு ஒரே அட்டவணை போட்டால் போதும், செலவே இல்லை.

'பத்து முறை எழுதி வா' என்பது இன்னொரு வீண்வேலை. பிள்ளை முதல் எழுத்தை மேலிருந்து கீழாகப் பத்து வரியும் எழுதிவிட்டு, அடுத்த எழுத்துக்குப் போகும். சொல்லாக அது மனதில் பதிவதே இல்லை. முதல் வரியில் 'பள்ளி' என்பது 'பல்லி' ஆகிவிட்டால் பத்தும் பல்லிதான்! அதற்குப் பதில் பத்து நிமிடம் உரக்க வாசிக்கச் சொல்லலாம். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, வாசித்ததில் மூன்று சொற்களைத் தானே எழுதட்டும். கணக்கென்றால் வகுப்பில் போட்ட வகையிலேயே நான்கைந்து. வீட்டில் செய்துவரச் சொல்லும் தெர்மாகோல் மாதிரிகளும் வீண்தான்; அவற்றைப் பெரும்பாலும் பெற்றோர்தான் செய்கிறார்கள் என்பது மதிப்பெண் போடுபவருக்கும் தெரியும்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர், தஞ்சாவூர்