நாடி தந்த குடும்பத்துக்கு நன்றி

உங்கள் வீட்டில் சாவு விழுந்த நேரத்திலும், இறந்தவரின் நாடியை, அதாவது இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுசெல்லும் குழாயை, தானமாகத் தர நீங்கள் "ஓம்" என்றதால், மட்டக்களப்பில் ஒருவர் இரண்டு காலாலும் நடக்கிறார். உங்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. நீங்கள் தந்த நாடி என்ன செய்தது என்பதையாவது நீங்கள் அறியவேண்டும்.

அவரின் தொடையிடுக்கில் நாடிக்குப் பதிலாக முன்பு வைத்த டாக்ரோன் என்ற செயற்கைத் துணிக் குழாயில் கிருமி பிடித்துவிட்டது. செயற்கைத் துணியில் கிருமி படலமாக ஒட்டிக்கொண்டால் மருந்து மட்டும் பெரும்பாலும் போதாது, குழாயைக் கழற்றவேண்டும். அதே இடத்தில் இன்னொரு செயற்கைக் குழாய் வைத்தால் அதிலும் தொற்றக்கூடும். மனித நாடி தொற்றை அதைவிட நன்றாகத் தாங்கும்.

உங்கள் கொடை திரவ நைதரசன் ஆவியில், மறை 140 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்திருந்தது. உருக்குவதுதான் மிகக் கவனமான வேலை. ஆழ்குளிரிலிருந்து சட்டென்று வெந்நீரில் இட்டால் நாடிச் சுவர் வெடிக்கும். முதலில் மெல்ல, பிறகு 37 பாகை நீரில் விரைவாக. அதன்பின், உறையும்போது நாடி சிதையாமல் இருக்கச் சேர்த்த உறைகாப்பு மருந்தைக் கழுவி எடுக்கவேண்டும். பக்கக் கிளைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தைக்காவிட்டால் பின்னர் அங்கேயே இரத்தம் பீறிடும். தொற்றிய தசையை வெட்டி அகற்றி, புது நாடியை நல்ல தசையால் மூடினார்கள். வாரக்கணக்கில் ஊசி மருந்து.

சுவர் வீங்குகிறதா, உள்ளே ஒடுங்குகிறதா என்று காலம் முழுதும் ஸ்கான் எடுத்துப் பார்க்கவேண்டும். அதை நாங்கள் தவறாமல் பார்ப்போம். உங்கள் எல்லோருக்கும் நன்றி.