சாய்வு சமம் என்றால் தீர்வு கிடையாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை தங்கள் கல்விப் பக்கத்தில் கணக்கு மாதிரி வினா விடை வந்திருந்தது. 'இரண்டு நேர்கோடுகளின் சாய்வுகள் சமமாக இருந்தால் அந்தச் சமன்பாடுகளுக்குத் தீர்வு கிடையாது' என்று ஒரு வரியைக் கட்டம் கட்டிப் போட்டு, மனப்பாடம் செய்துகொள்ளவும் என்று கீழே எழுதியிருந்தீர்கள்.

அந்த வரி பாதிதான் சரி. சாய்வு என்பது கோடு ஏறும் அல்லது இறங்கும் வீதம், தீர்வு என்பது இரண்டு கோடுகளுக்கும் பொதுவான புள்ளி. வடசென்னை கொருக்குப்பேட்டையில் 19 வருடமாக வீட்டிலேயே டியூஷன் எடுத்துவருகிறேன். மறுநாள் வைத்த டெஸ்ட்டில் 2எக்ஸ் + 3ஒய் = 6, 4எக்ஸ் + 6ஒய் = 12 என்று இரண்டு சமன்பாடுகளைக் கொடுத்திருந்தேன். ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண், இரண்டுக்கும் சாய்வு –2/3 என்று சரியாகவே கண்டுபிடித்துவிட்டு, அடுத்த வரியில் 'தீர்வு இல்லை' என்று முடித்துவிட்டாள். முதல் சமன்பாட்டை இரண்டால் பெருக்கினால் இரண்டாவது வந்துவிடும். இரண்டும் ஒரே கோடு. அந்தக் கோட்டில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் தீர்வு. எண்ணற்ற தீர்வுகள் உள்ள கணக்குக்கு ஒன்றுகூட இல்லை என்று எழுதியவளுக்கு நான் மதிப்பெண் போடவில்லை. அவள் புத்தகப்பையிலிருந்து கத்தரித்த தாள்துண்டை எடுத்து நீட்டினாள். "மிஸ், பேப்பர்லயே போட்டிருக்காங்க." என்னைவிட அச்சைத்தான் அவள் நம்பினாள். நம்பத்தானே வேண்டும்?

சாய்வு சமம் என்று கண்டபின் வெட்டுத்துண்டையும், அதாவது கோடு ஒய் அச்சை வெட்டும் இடத்தையும், பார்க்க வேண்டும். வெட்டுத்துண்டு வேறு என்றால் இணைகோடுகள், தீர்வு இல்லை. அதுவும் சமம் என்றால் ஒன்றின்மேல் ஒன்று பொருந்திய கோடுகள். இது தங்களுக்குத் தெரியாததல்ல. கட்டத்துக்குள் இன்னும் ஒரு வரிக்கு இடமும் இருந்தது.

என் பிள்ளைகளுக்கு இதை மீன்பாடி வண்டியை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். ஒரு வண்டிக்காரர் ஏற்று கூலி 100 ரூபாய், கிலோமீட்டருக்கு 20 ரூபாய் கேட்கிறார். இன்னொருவர் ஏற்று கூலி 40, கிலோமீட்டருக்கு 30. எத்தனை கிலோமீட்டரில் இரண்டு பேருக்கும் ஒரே காசு? 6 கிலோமீட்டர், 220 ரூபாய். காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மாவின் மகன் தாளைத் தொடாமல் இதைச் சொன்னான். அதற்குக் குறைந்த தூரம் என்றால் இரண்டாவது வண்டி, அதிகம் என்றால் முதல் வண்டி என்றும் அவனே சொன்னான். கிலோமீட்டருக்குக் கேட்கும் காசுதான் சாய்வு, ஏற்று கூலிதான் வெட்டுத்துண்டு என்று அதற்கப்புறம்தான் பெயர் சொன்னேன். இரண்டு பேருமே கிலோமீட்டருக்கு 20 கேட்டு, கூலி மட்டும் 100, 40 என்றால்? எவ்வளவு தூரம் போனாலும் அந்த 60 ரூபாய் வித்தியாசம் மாறாது, கோடுகள் சந்திக்கவே மாட்டா. அதே முதல் வண்டிக்காரர், இரண்டு நடைக்குச் சேர்த்துக் கூலி 200, கிலோமீட்டருக்கு 40 என்றால்? "அதே ஆளு, அதே ரேட்டு மிஸ்" என்றான். ஒரு நடைக்குக் கணக்குப் பார்த்தால் மறுபடியும் 100, 20 தான், ஒரே கோடு. தங்கள் கட்டத்தில் விடுபட்டது இந்த மூன்றாவது நிலைதான்.

பக்கத்திலேயே இரண்டு வரைபடங்கள் போட்டு, எந்தக் கோட்டின் சாய்வு அதிகம், பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். முதல் படத்தில் மேல்நோக்கி ஒரு கட்டம் 1 அலகு. இரண்டாவதில் ஒரு கட்டம் 5 அலகு. அதனால் சாய்வு 3 உள்ள கோடு, சாய்வு 1 உள்ள கோட்டைவிடப் படுத்துக் கிடக்கிறது. கண்ணால் பார்த்துச் சொன்ன பிள்ளைகள் எல்லோரும் தப்பாகத்தான் சொன்னார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபடக் கேள்விக்கு 8 மதிப்பெண். அளவுத்திட்டத்தை முதலில் எழுது, அப்புறம் புள்ளி வை என்று தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தங்கள் படத்தில் அளவுத்திட்டமே எழுதவில்லை. அச்சில் இருந்த எண்களை லென்ஸ் வைத்துத்தான் படித்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் இதே பக்கத்தில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போய், நீக்கல் முறைக் கணக்கு ஒன்று முழுவதும் தப்பாக வந்தது. போஸ்ட்கார்டில் எழுதிப் போட்டேன். பதிலும் வரவில்லை, திருத்தமும் வரவில்லை.

போன வருடம் தேர்வு முடிவு வந்தபோது, 'வடசென்னையில்கூடக் கணக்கில் நூற்றுக்கு நூறு' என்று தலைப்புப் போட்டீர்கள். பாராட்டித்தான் எழுதியிருந்தீர்கள், தெரியும். ஆனால் அந்தக் 'கூட' எதற்கு ஐயா? ராமானுஜன் 1912 மார்ச்சில், மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தது எங்கள் பக்கத்துத் துறைமுகத்தில்தான். அவருக்கு அருங்காட்சியகம் இருப்பதும் ராயபுரத்தில்தான். அதை உண்டாக்கிய பி.கே.சீனிவாசன் முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். கணக்கு எங்களுக்கு ஊர்விட்டு ஊர் வந்த விருந்தாளி இல்லை.

அதே 1912இல்தான் மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காச்சாரியா, கணித அறிஞர் மகாவீரரின் கணித சார சங்கிரகத்தைச் சென்னை அரசு அச்சகத்தில் பதிப்பித்தார். ஒன்பதாம் நூற்றாண்டு நூல். அதில் ஒரு கணக்கு: 9 நார்த்தம்பழமும் 7 விளாம்பழமும் 107 காசு, 7 நார்த்தம்பழமும் 9 விளாம்பழமும் 101 காசு, ஒவ்வொன்றும் என்ன விலை? இரண்டையும் கூட்டினால் 16 நார்த்தம்பழம், 16 விளாம்பழம், 208 காசு. ஆக ஒரு ஜோடி 13 காசு. கழித்தால் இரண்டு நார்த்தம்பழத்துக்கும் இரண்டு விளாம்பழத்துக்கும் 6 காசு வித்தியாசம், ஒன்றுக்கு 3. நார்த்தம்பழம் 8, விளாம்பழம் 5. கரும்பலகையில் இதைப் போட்டுவிட்டால் பிள்ளைகள் டியூஷன் முடிந்தும் எழுந்திருக்க மாட்டார்கள். மனப்பாடம் செய்யச் சொல்லும் கட்டத்துக்குப் பதில் இப்படி ஒன்றைப் போடலாமே என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

ட்யூஷனுக்குக் காசு கட்ட முடியாத வீடுகளில் பிள்ளைகளுக்கு வாத்தியார் தங்கள் கல்விப் பக்கம்தான். டீக்கடையில் படித்துவிட்டு, கடைக்காரரிடம் கேட்டு அந்தப் பக்கத்தை மட்டும் வாங்கி வருகிறார்கள். அந்தப் பக்கத்தில் தப்பு வந்தால் திருத்த அவர்களுக்கு வேறு ஆள் இல்லை. இதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

நான் கேட்பது இரண்டே வரி. 'சாய்வு சமம், வெட்டுத்துண்டு வேறு என்றால் தீர்வு இல்லை. இரண்டும் சமம் என்றால் எண்ணற்ற தீர்வுகள்.' இதை அதே கல்விப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அரையாண்டுத் தேர்வுக்கு முன் போட்டுவிடுங்கள். அந்தப் பெண் கத்தரித்து வைத்த துண்டு இப்போது என்னிடம் இருக்கிறது. திருத்தம் வந்ததும் அதன்மேலேயே ஒட்டித் தருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கணக்கு டியூஷன் ஆசிரியை ஒருவர்,
கொருக்குப்பேட்டை, சென்னை