ஓடாத ரயிலுக்கும் டிக்கெட்: பூங்கா நிர்வாகத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்:
பள்ளி வேதியியல் ஆசிரியை,
வேலூர்.
(பெயரும் கைபேசி எண்ணும் ரசீதில் உள்ளபடி)

பெறுநர்:
பொது மேலாளர்,
பொழுதுபோக்குப் பூங்கா நிர்வாகம்,
சென்னை.

பொருள்: மூடிக்கிடந்த சிறுவர் ரைடுகளுக்கும் சேர்த்து முழுக் கட்டணம் வசூலித்தது, குளத்து நீரின் தரம், கைக்குழந்தை உணவைத் தடுத்தது ஆகியவை குறித்த புகார், கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் எட்டு வயது மகனையும் நான்கு வயது மகளையும் அழைத்துக்கொண்டு தங்கள் பூங்காவுக்கு வந்தோம். பெரியவர்களுக்கு ஆளுக்கு 950 ரூபாய், பிள்ளைகளுக்கு ஆளுக்கு 750 ரூபாய், ஜிஎஸ்டி உட்பட. ‘ஒரே டிக்கெட், எல்லா ரைடும்’ என்று கவுண்டருக்கு மேலே ஆள் உயர எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். பணம் கட்டி, கையில் பட்டை மாட்டி, உள்ளே போன பிறகுதான் தெரிந்தது: சிறுவர் பகுதியில் குட்டி ரயில் ஓடவில்லை. குதிரை ராட்டினம் ஓடவில்லை. கப் அண்ட் சாசர் ஓடவில்லை. மூன்றையும் சுற்றிக் கயிறு கட்டி, ‘பராமரிப்புப் பணி நடைபெறுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு அட்டையைத் தொங்கவிட்டிருந்தீர்கள்.

திடீரென்று மோட்டார் பழுதானால், கரண்ட் போனால், மழை வந்தால் ரைடை நிறுத்தத்தான் வேண்டும். அதற்காக யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஆனால் குட்டி ரயிலின் கடைசிப் பெட்டியில் காய்ந்த வேப்பிலை இருக்கை மட்டத்துக்குக் குவிந்திருந்தது. தண்டவாளத்துக்கு நடுவில் முளைத்த புல் பூத்தே விட்டது. அட்டையில் எழுதியிருந்த சிவப்பு மை வெயிலில் வெளிறி, ‘வருந்துகிறோம்’ என்பதில் பாதியைக் காணோம். அன்று காலையில் நின்ற ரயில் அல்ல அது. ஒரு ஆள் ஸ்பேனரோடு அந்தப் பக்கம் வந்தும் நான் பார்க்கவில்லை. படங்கள் இணைத்திருக்கிறேன்.

அந்தப் பகுதியில் இயங்கிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று, காற்றடித்த சறுக்குமரம். அதற்குத் தனியாக 100 ரூபாய் கேட்டார்கள். ‘அது காண்ட்ராக்ட் மேடம், நம்ம டிக்கெட்ல வராது.’

இனி உயரத்துக்கு வருகிறேன். தங்கள் டிக்கெட் கவுண்டர் சுவரில் 90 சென்டிமீட்டரில் ஒரு கோடு இருக்கிறது. கோட்டுக்கு மேலே தலை போனால் டிக்கெட். என் மகளைச் செருப்போடும், உச்சியில் போட்ட கொண்டையோடும் நிறுத்தி அளந்தார்கள். கோட்டைத் தாண்டிவிட்டாள், 750 ரூபாய். உள்ளே ஒவ்வொரு ரைடின் வாசலிலும் இன்னொரு கோடு: சிலவற்றில் 110, பலவற்றில் 140. அங்கே ஊழியர் முதலில் சொன்னது, ‘செருப்பைக் கழட்டச் சொல்லுங்க மேடம், கொண்டையை அமுக்கிப் பிடிங்க.’ காசு வாங்கும்போது செருப்பும் கொண்டையும் உயரத்தில் சேர்த்தி, ஏற்றிவிடும்போது சேர்த்தி இல்லை. 90-க்கும் 110-க்கும் நடுவில் இருக்கும் பிள்ளைகள் ஏறக்கூடியவை அந்தச் சிறுவர் பகுதி ரைடுகள்தான், அவையோ கயிற்றுக்குள். அப்படியானால் அவளுக்கு எதற்காக டிக்கெட் வாங்கினீர்கள்?

உயரக் கட்டுப்பாட்டையே நான் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். மடியைப் பிடிக்கும் கம்பி பெரிய உடம்புக்கு என்று செய்தது; சின்னப் பிள்ளை அதன் அடியில் நழுவிவிடும். ஏறவிடாத ஊழியர் சரியாகத்தான் செய்தார். அழுத பிள்ளையிடம் குனிந்து, ‘அடுத்த வருஷம் வளந்துருவே பாப்பா’ என்று சொன்ன அந்தப் பையனிடம் எனக்குக் கோபமே இல்லை. கோபமெல்லாம் அதை வாசலில் சொல்லாமல், பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தபின் சொல்ல ஏற்பாடு செய்தவர்கள் மேல்தான்.

இதே பூங்காவுக்கு 1990-களின் நடுவில் பள்ளிச் சுற்றுலாவில் வந்தவள் நான். வேலூரிலிருந்து விடியற்காலை பஸ், மடியில் புளியோதரைப் பொட்டலம், வழியெல்லாம் பாட்டு. அன்று நுழைவுக்கு ஒரு சீட்டு, ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனிச் சீட்டு. கையில் இருந்த காசை எண்ணி எண்ணி, ஜெயன்ட் வீலா, ஊஞ்சல்போல் ஆடும் கொலம்பஸ் கப்பலா என்று சண்டை போட்டு முடிவெடுப்போம். ஏழைப் பிள்ளைகள் சிலர் குட்டி ரயிலோடு நிறுத்திக்கொண்டார்கள். அது எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம்தான். ஆகவே பழைய முறையே பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அதில் ஒரு நியாயம் இருந்தது. ஏறாத ராட்டினத்துக்குக் காசு கிடையாது. ரயில் நின்றால் சீட்டு விற்காது, நஷ்டம் பூங்காவுக்கு. அதனால் மதியத்துக்குள் யாராவது வந்து ரிப்பேர் பார்த்துவிடுவார்கள்.

ஒரே டிக்கெட் முறை வந்ததும் இந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டே 1982 வரை ரைடுகளுக்குச் சீட்டுப் புத்தகம் விற்றுவிட்டு, பிறகுதான் ஒரே டிக்கெட்டுக்கு மாறியது. தாங்கள் மாறியதில் தப்பில்லை. வரிசையும் சில்லறைத் தொல்லையும் குறைந்தன. ஆனால் இப்போது ஒரு ரைடு நின்றால் தங்களுக்கு ஒரு ரூபாய் வரவு குறைவதில்லை. மின்சாரம் மிச்சம், ஆள் சம்பளம் மிச்சம், கிரீஸ் மிச்சம். நஷ்டம் முழுக்க வாசலில் பணம் கட்டியவன் தலையில். எதெல்லாம் ஓடுகிறது என்று முன்கூட்டியே சொன்னால் மட்டும்தான் இந்த முறை நேர்மையாக நடக்கும். அதைத்தான் தாங்கள் செய்யவில்லை. என் புகாரின் சாரம் இதுவே. மற்றவை இதற்கு அடுத்தபடி.

வாடிக்கையாளர் சேவை மேசையில் இதைச் சொன்னபோது, அங்கிருந்தவர் டிக்கெட்டைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் எறும்பு எழுத்தில், ‘முன்னறிவிப்பின்றி எந்த ரைடையும் நிறுத்தும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு. கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது.’ பணம் கட்டினால்தான் டிக்கெட் கைக்கு வரும், டிக்கெட் கைக்கு வந்தால்தான் பின்பக்கத்தைப் படிக்க முடியும். இதில் நான் எப்போது சம்மதித்தேன் என்று கேட்டேன். ‘வாட்டர் ரைடு எல்லாம் ஓடுதே மேடம், பசங்கள அங்க கூட்டிட்டுப் போங்க’ என்றார்.

போனோம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

குளத்தில் இறங்க நைலான் உடைதான் போட வேண்டும் என்பது சரியான விதி. பருத்தி நூல் வடிகட்டியை அடைக்கும், சாயம் தண்ணீரில் கலக்கும். வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டோம். ‘குளித்துவிட்டு இறங்கவும்’ என்ற பலகையும் சரி. ஆனால் அதன் கீழே இருந்த ஷவர்களைத் திறந்தால் ஒன்றிலும் தண்ணீர் வரவில்லை. வியர்வையும் எண்ணெயும் சன்ஸ்கிரீனுமாக அத்தனை கூட்டமும் அப்படியே அலைக்குளத்தில் இறங்கியது. பக்கத்தில் போகும் முன்பே மூக்கைத் துளைக்கும் நெடி. ‘நல்லா குளோரின் போட்டிருக்காங்க, சுத்தமா இருக்கு’ என்று ஒருவர் தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டு போனார். நான் வேதியியல் நடத்துபவள், சொல்லாமல் இருக்க முடியவில்லை: அது குளோரின் நெடி அல்ல, குளோரமின் நெடி. வியர்வையிலும் சிறுநீரிலும் இருக்கும் நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் வினைபுரிந்து உண்டாவது. கண் சிவப்பதும் தொண்டை கமறுவதும் அதனால்தான். நன்றாகப் பராமரிக்கும் குளத்தில் இந்த நெடி இவ்வளவு அடிக்காது. நெடி கூடக்கூட, கிருமியைக் கொல்ல மீதமிருக்க வேண்டிய குளோரின் வேறு வேலையில் செலவாகிறது என்று அர்த்தம்.

குளத்து நீரில் தனிக் குளோரின், அதாவது எதனோடும் சேராமல் கிருமியைக் கொல்ல மீதமிருக்கும் குளோரின், குறைந்தது 1 பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) இருக்க வேண்டும், அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது பல இடங்களில் கடைப்பிடிக்கும் நடைமுறை. சோதனைப் பெட்டியில் சில சொட்டு விட்டு நிறத்தைப் பார்த்தால் போதும், ஒரு நிமிட வேலை. அன்றைய அளவு என்ன என்று லைஃப்கார்டிடம் கேட்டேன். பாவம், அவருக்கு அப்படி ஒரு பதிவேடு இருப்பதே தெரியவில்லை. அன்றிரவு இரண்டு பிள்ளைகளுக்கும் கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்து, மறுநாள் கண் மருத்துவரிடம் போக வேண்டியதாயிற்று. மருந்துச் சீட்டின் நகலும் உண்டு.

பை சோதனையில் நடந்ததில் பெரியது எனக்கு நேர்ந்தது அல்ல, ஆனாலும் எழுதுகிறேன். எங்கள் தயிர்சாத டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விதி அப்படி என்றால் சரி என்று கொடுத்துவிட்டேன். எனக்குப் பின்னால் ஒரு வயதுகூட ஆகாத குழந்தையோடு நின்ற பெண்ணிடமிருந்து ராகிக் கூழையும் பிடுங்கினார்கள். ‘உள்ள ஃபுட் கோர்ட் இருக்கும்மா.’ ஃபுட் கோர்ட்டில் பல் முளைக்காத பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? சில்லி பரோட்டாவா? திரையரங்குகள் வெளி உணவைத் தடுக்கலாம் என்று 2023 ஜனவரியில் தீர்ப்பளித்த அதே உச்ச நீதிமன்றம், இலவசக் குடிநீர் கொடுக்க வேண்டும், கைக்குழந்தைக்கு வேண்டிய உணவைப் பெற்றோர் கொண்டுவரத் தடை கூடாது என்றும் சொன்னது. அது திரையரங்குக்கான தீர்ப்புதான், பூங்காவுக்கு அல்ல என்று தங்கள் வழக்கறிஞர் சொல்லக்கூடும். மூன்று மணி நேரப் படத்துக்கே அப்படி என்றால், நாள் முழுக்க வெயிலில் சுற்ற வைக்கும் இடத்துக்கு இன்னும் எவ்வளவு பொருந்தும் என்று அவரையே கேளுங்கள். குடிநீர்க் குழாய்களைப் பற்றித் தனியாக எழுத ஒன்றுமில்லை. நான் பார்த்த இரண்டிலும் காற்றுதான் வந்தது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதைச் சேவைக் குறைபாடு என்றே வரையறுக்கிறது. குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை, ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திருப்பித் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்றும் அதில் இருக்கிறது. ‘எக்காரணம் கொண்டும்’ என்று டிக்கெட்டின் பின்னால் அச்சடித்துவிட்டால் சட்டம் ஒதுங்கிப் போய்விடாது. இந்தச் சட்டப்படி நான் சென்னைக்கு அலைய வேண்டியதும் இல்லை. நான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. பள்ளி ஆசிரியைக்கு மே மாதத்தில் நேரமும் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய தொகை அல்ல. எங்கள் இருவரின் டிக்கெட்டுக்குப் பணம் கேட்கவில்லை; கொலம்பஸில் ஏறினோம், அது பழைய உற்சாகம் குறையாமல் வயிற்றைக் கலக்கியது. அந்தக் காலத்துப் புங்கமர நிழலும் அப்படியே இருக்கிறது, வெட்டாமல் வைத்திருப்பதற்கு நன்றி. மகன் அப்பாவோடு டாஷிங் காரில் சுற்றினான், ஆகவே அவன் டிக்கெட்டில் பாதி, 375 ரூபாய். மகள் ஏற முடிந்தது எதுவும் இல்லை, ஆகவே அவளுடையது முழுதாக 750. மொத்தம் 1,125 ரூபாயை, பணம் கட்டிய அதே கணக்குக்கு 30 நாட்களுக்குள் அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

அதோடு, அன்றன்று மூடியிருக்கும் ரைடுகளின் பெயரையும், எந்த ரைடுக்கு என்ன உயரம் என்பதையும், பணம் கட்டும் முன்பே கண்ணில் படும்படி கவுண்டரில் எழுதிவையுங்கள். ஒரு கரும்பலகையும் சாக்பீஸும் போதும். பிள்ளைகளை அளக்கும்போது எல்லா இடத்திலும் வெறுங்காலில் அளக்கச் சொல்லுங்கள். குளக்கரையில் குளோரின் அளவையும் பிஹெச்சையும் நேரத்தோடு எழுதித் தொங்கவிடுங்கள், ஷவரில் தண்ணீர் விடுங்கள். கைக்குழந்தையின் உணவைத் தடுக்கக் கூடாது என்று காவலாளிகளுக்கு எழுத்தில் உத்தரவு கொடுங்கள். அவர்களாக இரக்கப்பட்டு விட்டால் வேலை போகும் என்று பயப்படுகிறார்கள்.

ரசீது, டிக்கெட்டின் இரு பக்க நகல், படங்கள், மருந்துச் சீட்டின் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். பதிலை எழுத்தில் அனுப்புங்கள். வாடிக்கையாளர் சேவையிலிருந்து ஏற்கெனவே ஒருவர் போனில் அழைத்து, ‘அடுத்த தடவை ஃபேமிலியோட வாங்க மேடம், நாலு ஃப்ரீ பாஸ் தரோம்’ என்றார். பாஸ் வேண்டாம். ரயிலைச் சரிசெய்யுங்கள், டிக்கெட்டை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாடிக்கையாளர்,
வேலூர்.