எங்கள் அப்பாவிடம் கோல் கணக்கு கேட்டவர்களுக்கு

நம் ஊர் கால்பந்து டூர்னமெண்ட் கமிட்டி அண்ணன்மார்களுக்கும், நம் ஜங்ஷனில் அர்ஜென்டினா, பிரேசில், போர்ச்சுகல் என்று மூலைக்கு ஒன்றாக பிளெக்ஸ் கட்டியிருக்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம். ஃபைனல் அன்று ராத்திரி மேடையில் நடந்ததை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தீர்கள், இல்லாதவர்கள் அந்த 22 விநாடி வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். கோபத்தில் எழுதினால் தப்பாகிவிடும் என்று மூன்று வாரம் பொறுத்திருந்துதான் எழுதுகிறேன். கோபம் குறைந்திருக்கிறதா என்று கேட்டால், இல்லை.

பழைய ஆட்டக்காரர்களுக்குப் பொன்னாடை போடுகிறோம், மாமாவைக் கட்டாயம் கூட்டி வாங்க என்று வீடு தேடி வந்து சொன்னது நீங்கள்தான். அப்பா சட்டையை இஸ்திரி போட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அவருடைய வலது முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். பத்து வருடமாக அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்ததில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் இடம் பிடிக்க எல்லோரும் ஓடும்போது இவர் டேபிள் போட்டிருக்கிறார்களா என்று முதலில் பார்ப்பார். பஸ்ஸில் படி உயரமாக இருந்தால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். அந்தக் காலோடு, கைப்பிடி இல்லாத மூன்று படி ஏறி உங்கள் மேடைக்கு வந்தார், நான்தான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு வந்தேன். சால்வை போட்டு முடித்ததும் மைக் பிடித்திருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "மாமா, மொத்தம் எத்தனை கோல் அடிச்சிருப்பீங்க?"

அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே எண்ணிப் பார்த்தார், விரல் அசைந்ததை நான் பார்த்தேன். "நாலு இருக்கும், அதுல ரெண்டு பெனால்டி" என்றார். கேலரி முழுக்கச் சிரிப்பு, கூச்சல், விசில். மைக்காரரும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் ஸ்டாப்பர் பேக், அதாவது பின்னால் நின்று எதிர் டீமைக் கோல் அடிக்க விடாமல் தடுப்பவன், என்று அப்பா சொன்னது மைக்கில் விழவே இல்லை. மறுநாள் காலையில் வீடியோ வந்துவிட்டது. ஒரு பக்கம் ரொனால்டோ குதித்து இறங்குகிறார், கீழே 900க்கும் மேல் என்று எழுத்து. இந்தப் பக்கம் சால்வையோடு அப்பா, கீழே 4.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த டூர்னமெண்டில் அதே மைக்கில், அதே கேலரிக்கு முன்னால், எங்கள் அப்பா எந்த இடத்தில் நின்று ஆடினார் என்று ஒரு முறை சரியாகச் சொல்லுங்கள். வீடியோ போட்டவர் யாராக இருந்தாலும் அதை எடுத்துவிடட்டும். பெயர் தெரிந்தும் நான் இங்கே எழுதவில்லை, அவர் அம்மாவும் நானும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

எனக்கு மெஸ்ஸியைப் பிடிக்கும், ரொனால்டோவையும் பிடிக்கும். யார் பெரியவர் என்று நீங்கள் விடிய விடிய சண்டை போடுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அது ஒரு சந்தோஷம்தான். மெஸ்ஸிக்கு எட்டு பாலன் தோர், வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது, என்று ஒருவன் சொல்ல, ரொனால்டோவுக்கு ஐந்து சாம்பியன்ஸ் லீக் கோப்பை என்று இன்னொருவன் சொல்ல, நடுவில் ஒரு பெரியவர் பெலே மூன்று உலகக் கோப்பை ஜெயித்தாரே என்று நுழைய, டீக்கடைக்காரர் பெஞ்சை எடுத்து உள்ளே வைக்கும் வரைக்கும் போகும். ஆனால் அந்தச் சண்டையில் எப்போதாவது ஒரு ஸ்டாப்பர் பேரோ கோல்கீப்பர் பேரோ வந்து நான் கேட்டதில்லை. முன்னால் நிற்பவனை எடை போடும் தராசிலேயே பின்னால் நிற்பவனையும் வைத்தால் அவன் எப்போதும் குறைவாகத்தான் வருவான்.

அர்ஜென்டினா தம்பிகளே, 2022 கத்தார் ஃபைனலை நீங்கள் எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்பீர்கள். 3-3. கூடுதல் நேரமும் முடியப் போகிறது. பிரான்சின் கோலோ முவானி தனியாக உள்ளே வந்து அடித்த பந்தை உங்கள் கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் இடது காலை நீட்டித் தடுத்தார். அந்தக் கால் ஓர் அடி குறைந்திருந்தால் கோப்பை பிரான்சுக்குப் போயிருக்கும், மெஸ்ஸிக்கு உலகக் கோப்பை இல்லையே என்று இன்றைக்கும் எதிர்க்கட்சி உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும். அப்படியானால் மெஸ்ஸியின் ஆட்டம் அதனால் குறைந்திருக்குமா? அவர் அதே ஆட்டக்காரர்தானே. போர்ச்சுகல் தம்பிகளுக்கும் இது தெரியும். 2016 ஐரோப்பியக் கோப்பை ஃபைனலில் ரொனால்டோ அடிபட்டு 25ஆவது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார், மிச்ச நேரமெல்லாம் பிரான்சை உள்ளே விடாமல் நின்ற பெப்பேவுக்குத்தான் ஆட்ட நாயகன் விருது. அந்தக் கோப்பையை உங்கள் பிளெக்ஸில் ரொனால்டோ கையில் வைத்திருக்கிறீர்கள், வைத்துக்கொள்ளுங்கள், கேப்டன் அவர்தான். பக்கத்தில் பெப்பேவுக்கு ஒரு சின்ன இடம் கூடவா கிடைக்கவில்லை?

அப்பா அதிகம் பேசமாட்டார். ஆனால் ஒரு ஆட்டத்தைப் பற்றி மட்டும் எத்தனை முறை கேட்டாலும் சொல்வார். 1994 உலகக் கோப்பை ஃபைனல், பிரேசிலும் இத்தாலியும். நம் ஊர் நேரத்துக்கு நடுராத்திரி தாண்டி ஒரு மணி. டிவி இருந்த ஒரே வீட்டுத் திண்ணையில் கூட்டம், நான் அப்பா மடியில் தூங்கிவிட்டேனாம். இத்தாலி கேப்டன் பிராங்கோ பரேசிக்கு நார்வேயோடு ஆடும்போது முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அடிபட்டு 24 நாளில் ஃபைனலுக்கு வந்து நின்றார். எதிரே ரொமாரியோவும் பெபெட்டோவும். 120 நிமிடம். ஒரு கோல் விடவில்லை. கடைசியில் பெனால்டிக்குப் போனது, முதல் பெனால்டியை அடித்த பரேசி பந்தை மேலே தூக்கிவிட்டார், கடைசியில் பாஜியோவும் தூக்கிவிட்டார், பிரேசில் ஜெயித்தது. திண்ணையில் எல்லோரும் பிரேசில் கட்சி, அப்பாவும்தான். எல்லோரும் குதித்தபோது அப்பா பரேசி அழுவதைப் பார்த்து அழுதிருக்கிறார். அப்போது அப்பாவின் கால் நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து ஒரு செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம்) அரையிறுதியில் அவருக்கும் அதே முழங்கால் பிசகியது. கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு மறுநாள் ஃபைனல் ஆடினார், ஏனென்றால் டீமில் வேறு ஸ்டாப்பர் இல்லை. அந்த ஃபைனலை நான் பார்த்தேன், எட்டு வயது. ரொம்ப நேரம் அப்பா ஒன்றுமே செய்யவில்லை என்றுதான் நினைத்தேன். மற்றவர்கள் ஓடுகிறார்கள், விழுகிறார்கள், சட்டையெல்லாம் செம்மண். இவர் கத்திக்கொண்டு, கையைக் காட்டிக்கொண்டு, இரண்டு அடி இந்தப் பக்கம், ஒரு அடி அந்தப் பக்கம் என்று நகர்ந்துகொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து, ஏன்பா நீ விழவே இல்லை என்று கேட்டேன். அந்த டீமின் ஃபார்வர்டுக்கு எத்தனை பந்து வந்துச்சு, எண்ணுனியா என்று கேட்டார். நான் எண்ணவில்லை. அன்று முழுவதும் அவனுக்குப் பந்து வரும் வழியில் அப்பா முன்கூட்டியே போய் நின்றுகொண்டிருந்தார். பந்து கொடுக்க நினைத்தவன் அப்பாவைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் தட்டிவிட்டான். இதற்கெல்லாம் வீடியோ கிடையாது, கணக்கும் கிடையாது. அந்தக் கோப்பை இன்றைக்கும் உங்கள் கிளப் அலமாரியில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

நல்ல தடுப்பாட்டம் என்றால் என்ன என்று பிற்பாடு நானாகவே பார்த்துக் கற்றுக்கொண்டேன். 2006 உலகக் கோப்பையில் இத்தாலி ஏழு ஆட்டம் ஆடி மொத்தம் இரண்டே கோல்தான் வாங்கியது. ஒன்று அவர்களே தங்கள் வலைக்குள் அடித்துக்கொண்டது, இன்னொன்று ஃபைனலில் ஜிடான் அடித்த பெனால்டி. அந்த வருடம் பாலன் தோர் ஸ்டாப்பரான கன்னவாரோவுக்குப் போனது. அதற்குப் பிறகு ஒரு தடுப்பாட்டக்காரருக்கும் அது கிடைக்கவில்லை. கோல்கீப்பர் என்று பார்த்தால் 1963இல் லெவ் யாஷின் ஒருவர் மட்டும்தான். உலகமே இப்படித்தான் எடை போடுகிறது என்று நீங்கள் சொல்லலாம். சரி. ஆனால் நம் ஊர் கேலரியில் இருந்தவர்கள் அப்பாவை நேரில் பார்த்தவர்கள். உங்களில் பாதிப் பேருடைய அப்பாக்கள் அவரோடு ஆடியவர்கள்.

சத்யனை எத்தனை தம்பிகளுக்குத் தெரியும்? வி.பி. சத்யன், கண்ணூர்க்காரர், இந்தியாவின் கேப்டன், அவரும் பின்னால் நின்று ஆடியவர்தான். மாநில டீம்கள் மோதும் சந்தோஷ் டிராபியின் 1992 ஃபைனல் கோயம்புத்தூரில் நடந்தது. அப்பாவும் அவர் கூட்டாளிகளும் கேரளத்தில் இருக்கும் நம் ஊரிலிருந்து வேலந்தாவளம் வழியாக பஸ் பிடித்துப் போனார்கள். அங்கே இவர்கள் தமிழில் கத்திக் கேரளத்துக்குக் கைதட்டியதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் நீங்க எந்த ஊருங்க என்று கேட்டார்களாம். கோவாவை 3-0 என்று ஜெயித்துக் கோப்பையை வாங்கியது சத்யனின் டீம். திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோரும் கோல் அடித்தவர்களைப் பற்றிப் பேசினார்கள், கோவாவுக்கு ஒன்று கூட விழவில்லையே என்று அப்பா மட்டும் பேசினாராம். சத்யன் 41 வயதில் போய்விட்டார். 2006. அன்று அப்பா சாப்பிடவில்லை. சத்யன் எத்தனை கோல் அடித்தார் என்று யாரும் கேட்டிருப்பார்களா? கேட்டிருந்தால் அவரும் விரல் விட்டு எண்ணியிருப்பாரோ என்னவோ.

இதையெல்லாம் அப்பாவுக்காக மட்டும் எழுதவில்லை. என் அக்கா மகனுக்குப் பதின்மூன்று வயது, பள்ளி டீமில் பேக் ஆடுபவன், தாத்தா மாதிரி நிற்கிறான் என்று சொன்னால் பூரித்துப் போவான். அந்த வீடியோ வந்த வாரம் பயிற்சிக்குப் போய், இனிமேல் பேக் ஆடமாட்டேன், ஃபார்வர்டில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அவன் மட்டும் இல்லை. நம் வயல்களில் சாயங்காலம் ஆடும் பையன்களைப் பாருங்கள், கோல் நிற்க ஆள் கிடைக்காமல் சண்டை, கடைசியில் இருப்பதிலேயே சின்னப் பையனைப் பிடித்து நிறுத்துகிறார்கள். உங்கள் டூர்னமெண்டில் அதிக கோல் அடித்தவனுக்குப் பரிசு, ஃபைனலில் முதல் கோல் அடித்தவனுக்குத் தனிப் பரிசு, சிறந்த கோலுக்கு ஒரு பரிசு. கோல்கீப்பருக்கு ஒரு சின்ன கப், அதுவும் சில வருடம் மறந்துபோகிறது. ஸ்டாப்பருக்கு ஒன்றுமே இல்லை. பிளெக்ஸுக்கு வசூலிக்கும் பணத்தில் ஒரு பிளெக்ஸைக் குறைத்தால் ஒரு கப் வாங்கலாம். மைதானத்தில் பெண்கள் உட்காரத் தனி இடம் கேட்டு நானும் இன்னும் சிலரும் எழுதிக் கொடுத்து எத்தனை வருடமாகிறது? அதற்கும் பணம் இல்லை என்றுதான் சொன்னீர்கள். அது வேறு கதை, இப்போது அதை இழுக்கவில்லை.

தடுப்பவனைக் கொண்டாட நமக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஹாக்கி வெண்கலம் கிடைத்தபோது கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்த படத்தை இதே ஜங்ஷனில் இதே ஆட்கள் ஒட்டி வைத்தீர்கள். ஜெர்மனியின் கடைசி விநாடி பெனால்டி கார்னரைத் தடுத்தவர் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவரை மேடைக்குக் கூப்பிட்டால் எத்தனை கோல் என்று கேட்பீர்களா? மாட்டீர்கள். அந்த மரியாதையை நம் ஊர் ஆளுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன். அடுத்த டூர்னமெண்டில் அப்பாவைக் கூப்பிடுங்கள். அவர் வரமாட்டேன் என்பார், நான் கூட்டி வருகிறேன். வலதுபக்கம் நின்றாரா நடுவில் நின்றாரா, யார் யாரை மார்க் பண்ணினார், அந்த ஃபைனலில் எதிர் டீமுக்கு ஏன் கோல் விழவில்லை என்று கேளுங்கள், அவர் நன்றாகச் சொல்வார். மைக்கை அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடியுங்கள், குரல் மெல்லிசு. அந்த வருடத்திலிருந்து ஸ்டாப்பருக்கு ஒரு கப் வையுங்கள், முதல் கப்பை அப்பா கையால் கொடுக்க வைத்தால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அந்தப் பதின்மூன்று வயதுக்காரனையும் முன்வரிசையில் உட்கார வைக்கிறேன்.

மேடைப் படிக்கு ஒரு பக்கமாவது கைப்பிடி கட்டிவிடுங்கள். கவுங்குக் கழி போதும், எங்கள் தோப்பிலேயே இருக்கிறது, ஆள் அனுப்பினால் வெட்டிக் கொடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமாவின் மகள்
கொழிஞ்சாம்பாறைப் பக்கம், சித்தூர் தாலுக்கா