சொல்தா தாத்தாவுக்கு, பொகோட்டாவிலிருந்து

அன்புள்ள தாத்தாவுக்கு,

இங்கு நலம். மூட்டுவலி தேவலையா? முதல் உலகப்போர் நின்ற நாளான நவம்பர் 11 அன்று, பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக (சிப்பாயாக) வாங்கிய பதக்கமெல்லாம் குத்திக்கொண்டு புதுச்சேரி கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்தில் நீங்கள் நின்ற போட்டோவை அம்மா அனுப்பியிருந்தாள். வீட்டுக்காரம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன்.

கொலம்பியத் தலைநகரான இந்தப் பொகோட்டா கடல் மட்டத்திலிருந்து 2,600 மீட்டர் உயரம். வந்த புதிதில் இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்கியது. உருளைக்கிழங்கும் சோளமும் போட்டு அஹியாக்கோ என்றொரு சூப் வைக்கிறார்கள். அதுதான் குளிருக்கு மருந்து.

போட்டோவைப் பார்த்துத்தான் வீட்டுக்காரம்மா போன ஞாயிறு என்னை ஃபிராக்மென்தோஸ் என்ற இடத்துக்குக் கூட்டிப்போனார். இடிந்த பழைய வீட்டுச் சுவர்களுக்கு நடுவே ஒரு கூடம். தரையெல்லாம் கருஞ்சாம்பல் நிறத்தில் உலோகம். அரசை எதிர்த்துப் போரிட்ட ஃபார்க் என்ற கெரில்லாப் படை, சமாதான ஒப்பந்தப்படி ஒப்படைத்த ஆயுதங்களில் 37 டன்னை உருக்கி வார்த்தது. போரில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்கள் சுத்தியலால் அடித்த தகடுகளைத்தான் சிற்பி டோரிஸ் சால்செடோ அச்சாக வைத்தாராம். குனிந்து தொட்டேன். சில்லென்று, மேடும் பள்ளமுமாக இருந்தது. அந்த அடிகள் அப்படியே கையில் பட்டன.

அந்த ஆயுதங்களை வாங்கியது கொலம்பிய ராணுவம் இல்லை, தாத்தா. ஐம்பது வருஷம் சுட்டுக்கொண்டவர்கள் ஒருவர் கையில் ஒருவர் எப்படிக் கொடுப்பார்கள்? 2016 ஜனவரியிலேயே ஐ.நா. பாதுகாப்பு சபை பார்வையாளர் குழுவுக்கு ஒப்புதல் கொடுத்தது. பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க நாட்டுக்காரர்கள். கையில் ஆயுதம் கிடையாது. 26 இடங்களில் கெரில்லாக்கள் வந்து கூடினார்கள். அரசுத் தரப்பு, ஃபார்க், ஐ.நா. என மூன்று பேரும் சேர்ந்தே கண்காணித்தார்கள். ஒவ்வொரு ஆயுதமும் பதிவாகி, அடையாளம் இடப்பட்டு, கண்டெய்னருக்குள் போய்ப் பூட்டப்பட்டது. காட்டில் புதைத்து வைத்திருந்ததையும் தோண்டி எடுத்து, 2017-இல் முடித்தபோது கணக்கு 8,994.

2016 அக்டோபர் பொதுவாக்கெடுப்பில் அந்தச் சமாதான ஒப்பந்தம் மயிரிழையில் தோற்றது. பிறகு அதைத் திருத்தித்தான் நிறைவேற்றினார்கள். வீட்டுக்காரம்மாவும் 'வேண்டாம்' என்றுதான் ஓட்டுப் போட்டாராம். "துப்பாக்கி வராது என்று நினைத்தேன். எண்ணிக் காட்டிய பிறகுதான் நம்பினேன்" என்றார். எனக்கு அதுவே பெரிய விஷயமாகப் பட்டது. ஒப்பந்தத்தை ஏற்காத கூட்டங்கள் இன்னும் காட்டில் இருக்கின்றன, அதையும் அவர் மறைக்கவில்லை. ஆனாலும் அந்தத் தரையில் ஏறி நடந்தார்.

ராணுவத்தை விட்டு வந்த அன்று உங்கள் துப்பாக்கியை எண் பார்த்து வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்வீர்களே, அந்த நினைவு வந்துவிட்டது. அந்த எண் இன்னும் ஞாபகம் இருக்கிறதா? சனிக்கிழமை கூப்பிடுகிறேன், சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பேத்தி