தோட்டக்கலைச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் வேலையெல்லாம் ஒரே திட்டத்தைச் சுற்றித்தான் நடந்தது. கண்ணுக்கும் அழகாக இருக்க வேண்டும், கொசுவும் ஓட வேண்டும் என்று செண்டுமல்லி, துளசி, நொச்சி, சிட்ரோனெல்லா புல், ரோஸ்மேரி நாற்றுகளை உறுப்பினர்களுக்குக் கொடுத்தோம். செண்டுமல்லி போன இடமெல்லாம் பூத்துக் குலுங்கியது. ரோஸ்மேரி பலர் வீட்டில் வேர் அழுகிச் செத்தது. அதற்கு நல்ல வெயில் வேண்டும், மண்ணில் தண்ணீர் தேங்கவே கூடாது. நாம் அதற்கும் துளசிக்கு ஊற்றுவது போலவே ஊற்றிக்கொண்டிருந்தோம்.

சரி, கொசு குறைந்ததா? எல்லாக் கூட்டத்திலும் எழுந்த கேள்வி இது. செடி சும்மா நின்றால் கொசு பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அதற்குப் பிடிக்காத எண்ணெய் இலைக்குள் இருக்கிறது. கசக்கினால்தான் நன்றாக வெளிவரும், வந்தாலும் சீக்கிரம் ஆவியாகிவிடும். கசக்கிய இலையைக் கையில் தேய்ப்பவர்கள் முதலில் சிறிது இடத்தில் தேய்த்துப் பாருங்கள், சிலருக்கு அரிக்கும். ‘கொசுச் செடி’ என்று விற்கும் ஜெரேனியத்தைப் பற்றியும் பலர் கேட்டார்கள். 1996இல் வெளியான கனடா ஆய்வொன்றில் ஏடிஸ் கொசுக்கள் அந்தச் செடியைப் பொருட்படுத்தவேயில்லை. வாங்குவதானால் அழகுக்காக வாங்குங்கள்.

செயற்குழுவினர் தோட்டம் தோட்டமாகச் சென்றபோது கண்டதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தது பெரும்பாலும் தொட்டிகளுக்கு அடியில் வைத்த தட்டுகளில். கொசுவை விரட்ட வைத்த செடியின் தட்டும் அதில் சேர்த்தி! வெப்பமான நாட்களில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டைகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எனவே வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும், அல்லது தட்டே வேண்டாம். அல்லித் தொட்டி வைத்திருப்பவர்கள் கப்பி மீன் விட்டால் புழுக்களை அது பார்த்துக்கொள்ளும்.

வரும் ஆண்டில் நாற்று வாங்குபவர்களின் தொட்டித் தட்டுகளை மாதம் ஒருமுறை பார்வையிடலாம் என்று செயற்குழு முன்மொழிகிறது. ஆட்சேபணை இருந்தால் இந்தக் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அப்புறம், நொச்சிக் குச்சிகள் நிறைய வெட்டி வைத்திருக்கிறோம். வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர்